குமுளியிலிருந்து கூடலூர் வீட்டு லினக்ஸுக்குள் நுழைய முடியாதபோது

குமுளியில் மாமாவின் ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்க்கிறேன். வீடு மலைக்குக் கீழே கூடலூரில். கணக்கு முழுக்க இருப்பது வீட்டில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில். விண்டோஸுக்குப் பதில் டெபியன் என்ற வகை லினக்ஸ் போட்டது; மானிட்டர்கூட மாட்டாமல் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். லாட் வாரியாக எடை, புத்தடியில் ஏலம் போன விலை, போடியில் போன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான். கடையிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் முறையில், உள்ளே போய் எழுதுவேன். அது எடுக்காத நாளில் வேலை அப்படியே நிற்கும். "என்னம்மா, ஒம் பொட்டி இன்னும் முழிக்கலையா?" என்று மாமா அரைமணிக்கு ஒருதரம் வந்து கேட்பார்.

வண்டன்மேடு, அணைக்கரைப் பக்கம் வேலைக்குப் போய்வரும் நம்மூர்க்காரர்கள் சிலர் இதேபோல வீட்டில் ஒரு லினக்ஸ் வைத்திருக்கிறார்கள். தகராறு என்றால் எனக்கு ஃபோன் வரும். நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: திரையில் என்ன எழுதி வந்தது? "ஏதோ எர்ரர்க்கா" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுத்துக்கு எழுத்து படித்துக் காட்டச் சொல்வேன். எங்கே அறுந்திருக்கிறது என்பதை அந்த ஒரு வரியே பாதி சொல்லிவிடும். அதைப் படிக்காமல் ரூட்டரை ரீசெட் பண்ணுவது, போர்ட்டை (ஒரு சேவை காத்திருக்கும் வாசல் எண்) மாற்றுவது, லினக்ஸையே திரும்பப் போடுவது எல்லாம் இருக்கிற ஒரு கோளாறை மூன்றாக்கும் வேலை.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். ஃபோனில் தம்பிக்குச் சொல்லும்போது அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

திரை சொல்லும் வரி

"கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்று வந்தால் அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றால் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள், முடியாது என்று. ஃபோன் ரிங் போய்க்கொண்டே இருப்பதற்கும், எடுத்து உடனே கட் பண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இரண்டாவது எனக்குப் பிடித்த பிழை. லைன் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, ஏதோ ஒரு மெஷின் விழித்திருக்கிறது. எஸ்எஸ்எச் சேவை ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தப்பு, அல்லது வீட்டுப் பெட்டிக்கு அனுப்பாமல் ரூட்டரே பதில் சொல்கிறது. அவ்வளவுக்குள் தேடினால் போதும்.

டைம் அவுட்தான் பெரிய காடு. பெட்டி அணைந்திருக்கலாம், தூங்கியிருக்கலாம், ஃபைபர் அறுந்திருக்கலாம், ஃபயர்வால் (வெளியாளைத் தடுக்கும் காவல்) சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம், இணைய நிறுவனம் உங்களுக்கென்று தனி முகவரியே கொடுக்காமல் இருக்கலாம். கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி இதற்குத்தான்.

"குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்நேம்" என்றால் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை. எழுத்துப்பிழையா என்று பாருங்கள். மாறும் முகவரியை ஒரே பெயரில் காட்டும் டைனமிக் டிஎன்எஸ் வைத்திருந்தால் அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இலவசச் சேவைகள் சிலவற்றில் அவ்வப்போது உள்ளே போய்ப் புதுப்பிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். "நோ ரூட் டு ஹோஸ்ட்" பெரும்பாலும் வீட்டு வைஃபைக்குள் சோதிக்கும்போது வரும்: அந்த எண்ணில் இப்போது எந்த மெஷினும் இல்லை. ஃபெடோரா என்ற வகை லினக்ஸ் போட்டிருந்தால் அதன் ஃபயர்வால் மறுக்கும்போதும் இதே வரிதான் வரும்.

"பெர்மிஷன் டினைடு" வந்தால் தயவுசெய்து ரூட்டரைத் தொடாதீர்கள். நெட்வொர்க் முழுக்கச் சரி, நீங்கள் வாசல்வரை போய்விட்டீர்கள். சாவியோ (கடவுச்சொல்லுக்குப் பதில் வைக்கும் கோப்பு), கடவுச்சொல்லோ, பயனர் பெயரோதான் பிரச்சினை.

இன்னும் விவரம் வேண்டுமென்றால் எஸ்எஸ்எச், இடைவெளி, கழித்தல் குறி, வி என்று சேர்த்து அடியுங்கள். ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டே போகும். நின்றுபோன இடத்தில் கடைசியாக என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். "கனெக்டிங் டு" என்பதோடு நின்றால் நெட்வொர்க். "கனெக்‌ஷன் எஸ்டாப்ளிஷ்டு" வந்த பிறகு நின்றால் எதிர்ப்பக்கச் சேவை. "ஆஃபரிங் பப்ளிக் கீ" வரை வந்துவிட்டால் சாவி விவகாரம்.

பெட்டி விழித்திருக்கிறதா

ஆனி, ஆடியில் மலைமேல் மரம் விழுந்து கரண்ட் போகும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி இடித்தாலே அம்மா எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். அவர் செய்வது சரிதான். டெஸ்க்டாப்பைவிட ஃபைபர் பெட்டியும் ரூட்டரும்தான் இடிக்குச் சீக்கிரம் போகும். ஆனால் திரும்பச் சொருகும்போது எல்லாம் தானாக எழுந்து நிற்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் பயாஸ், லினக்ஸ் கிளம்புவதற்கு முன்னால் திறக்கும் அமைப்புப் பக்கம். "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" அல்லது அதை ஒத்த ஒரு வரி பவர் பகுதியில் இருக்கும். அதை "பவர் ஆன்" என்று மாற்றிவிட்டால் கரண்ட் வந்ததும் யாரும் பட்டனை அமுக்காமலே பெட்டி கிளம்பும். அடுத்து, லினக்ஸ் போடும்போது ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பூட்டியிருந்தால், கரண்ட் வந்து கிளம்பிய பெட்டி கடவுச்சொல் கேட்டுக்கொண்டு கறுப்புத் திரையில் அப்படியே நிற்கும். அந்த நிலையில் வழக்கமான எஸ்எஸ்எச் சேவை ஆரம்பித்தே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் செத்த மெஷின் மாதிரிதான் தெரியும். வீட்டில் ஒருவருக்கு அந்தக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டெபியனில் டிராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச் சேவையைத் துவக்க நிலையிலேயே ஓடவிட்டுத் திறக்க வேண்டும். நான் கணக்குக் கோப்புகள் இருக்கும் ஒரு பகுதியை மட்டும் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

டெஸ்க்டாப் திரையோடு லினக்ஸ் போட்டிருந்தால் இன்னொரு தொல்லை, தூக்கம். யாரும் தொடாமல் இருந்தால் பெட்டி தானே உறங்கிவிடும். அடையாளம் சுலபம்: காலையில் எடுக்கும், மதியம் எடுக்காது, வீட்டில் யாராவது கீபோர்டைத் தட்டினால் உடனே எடுக்கும். அடிக்க வேண்டியது (சூடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு என்று அர்த்தம்): சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க், பிறகு ஸ்லீப் புள்ளி டார்கெட், சஸ்பெண்ட் புள்ளி டார்கெட், ஹைபர்னேட் புள்ளி டார்கெட், ஹைபிரிட் கழித்தல் குறி ஸ்லீப் புள்ளி டார்கெட். நான்கையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் அடித்தால் தூக்கத்துக்கு வழியே இல்லாமல் போகும்.

யூபிஎஸ் வாங்கியவர்கள் பலர் கம்ப்யூட்டரை மட்டும் அதில் மாட்டிவிட்டு ரூட்டரைச் சுவர் பிளக்கில் விட்டுவிடுகிறார்கள். பெட்டி ஓடும், நெட் இருக்காது. ஃபைபர் பெட்டி, ரூட்டர் இரண்டும் குடிக்கும் கரண்ட் கொஞ்சம்தான். இவற்றுக்கென்றே பன்னிரண்டு வோல்ட் சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. உங்கள் ரூட்டரின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் மட்டும் இருக்கும்போது ஃபைபர் பெட்டியின் விளக்குகள்தான் நம் கண். என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவைக் கேட்க முடியாது. எழுத்து கடுகு அளவு, அதுவும் ஆங்கிலம். ஆகையால் மருந்துக்கடையில் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்திரியை விளக்கு வரிசைக்கு மேலே நீளமாக ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் 1, 2, 3 என்று எண் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது எது எரிகிறது, எது மினுக்குகிறது என்று என் ஃபோனில் ஒரு படம். இப்போது பேச்சு இவ்வளவுதான்:

"எம்மா, மூணு எரியுதா?"

"எரியல தாயி. நாலு செவப்பா மினுக்குது."

எங்கள் பெட்டியில் நாலாவது எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு. அது சிவப்பாக இருந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது வீட்டுக்குள்ளேயே மஞ்சள் ஒயர் மடங்கியோ கழன்றோ கிடக்கிறது. பிஓஎன் விளக்கு பச்சையாக அசையாமல் நின்றால் லைன் உயிரோடு இருக்கிறது. சிவப்பு என்றால் கேபிள்காரருக்கு ஃபோன் போடுவதைத் தவிர நீங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை. ஒயர் மடங்கவில்லையே என்று மட்டும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் எடுக்கிறதா

வெளியிலிருந்து போராடுவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே எடுக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் தம்பி டிவியின் எச்டிஎம்ஐ ஒயரைப் பிடுங்கிப் பெட்டியில் சொருகுவான். சீரியல் நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அவன் முதலில் அடிப்பது: சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்எச். டெபியன், உபுண்டுவில் சேவையின் பெயர் எஸ்எஸ்எச். ஃபெடோராவில் கடைசியில் ஒரு டி சேர்த்து எஸ்எஸ்எச்டி. பச்சையில் "ஆக்டிவ்" என்று வர வேண்டும். அப்படி ஒரு சேவையே இல்லை என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உபுண்டு டெஸ்க்டாப்பில் வெளியே போவதற்கான எஸ்எஸ்எச் இருக்கும், உள்ளே விடுவதற்கானது இருக்காது. ஓபன்எஸ்எஸ்எச், கழித்தல் குறி, சர்வர் என்ற தொகுப்பை ஏபிடி மூலம் நிறுவ வேண்டும்.

அடுத்து எஸ்எஸ், இடைவெளி, கழித்தல் குறி, டிஎல்என். எந்தெந்த போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும். 22 என்ற எண் கண்ணில் படவேண்டும். அதற்கு முன்னால் 0.0.0.0 அல்லது நட்சத்திரக் குறி இருந்தால் எல்லாப் பக்கமும் காது கொடுக்கிறது. 127.0.0.1 என்று இருந்தால் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறது, வெளியாளுக்குத் திறக்காது.

போர்ட்டை 22லிருந்து வேறு எண்ணுக்கு மாற்றியவர்கள் உபுண்டு 22.10 முதல் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது எஸ்எஸ்எச் புள்ளி சாக்கெட் என்ற தனி அமைப்பு. கன்ஃபிக் கோப்பில் எண்ணை மாற்றி எஸ்எஸ்எச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினால் பழைய எண்ணிலேயே காத்திருக்கலாம். சிஸ்டம்சிடிஎல் டீமன் கழித்தல் குறி ரீலோடு அடித்துவிட்டு, சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், போர்ட்டை மாற்றுவதால் பெரிய பாதுகாப்பு எதுவும் வந்துவிடாது. லாகில், அதாவது நடந்ததைப் பதியும் கோப்பில், குப்பை குறையும், அவ்வளவே.

பிறகு வீட்டு வைஃபையில் இருக்கும் ஒரு ஃபோனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைச் செயலியைப் போட்டு, பெட்டியின் 192.168 என்று தொடங்கும் எண்ணுக்கு எஸ்எஸ்எச் அடித்துப் பாருங்கள். பெட்டிக்குள்ளேயே லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (அதாவது தனக்கே) எடுக்கிறது, ஃபோனிலிருந்து எடுக்கவில்லை என்றால் ஃபயர்வால். உபுண்டுவில் சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் எஸ்எஸ்எச். ஃபோன் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் எடுக்காது. ஒரு கருவியை இன்னொன்று பார்க்கவிடாமல் பிரிப்பதற்குத்தான் கெஸ்ட் வைஃபையே.

அந்த 192.168 எண் மாறிக்கொண்டே இருந்தால் ரூட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் பெட்டியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு எண்ணைக் கட்டிப்போடுங்கள். இடிக்குப் பயந்து எல்லாவற்றையும் பிடுங்கிச் சொருகும் வீடுகளில் இதைச் செய்யாவிட்டால், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை ரூட்டர் பெட்டிக்குத் திருப்பிவிடுவது) என்றைக்காவது ஒருநாள் டிவிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

வெளியே இருந்து: முகவரியே உங்களுடையது இல்லை என்றால்

வீட்டுக்குள் எடுக்கிறது, ரூட்டரில் 22ஐப் பெட்டிக்குத் திருப்பிவிட்டாயிற்று, கடையிலிருந்து டைம் அவுட். எனக்கு வரும் ஃபோன்களில் அதிகம் இதுதான்.

முதலில் சோதிக்கும் முறை. வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டே வீட்டின் வெளி முகவரிக்கு அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளிருந்து வெளியே போய்த் திரும்ப உள்ளே வர எல்லா ரூட்டரும் விடுவதில்லை. வெளியார் எல்லோருக்கும் திறந்திருக்கும் போர்ட் உங்களுக்கு மட்டும் மூடியிருப்பதாகத் தெரியும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

அதிலும் எடுக்கவில்லையா? ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி அல்லது இன்டர்நெட் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் இருக்கும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் ஏதாவது ஒரு தளத்தை வீட்டு வைஃபையில் திறந்து, அது காட்டும் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்று என்றால் முகவரி உங்களுடையது, தப்பு பெரும்பாலும் ரூட்டர் அமைப்பில்தான். இரண்டும் வேறு என்றால், அதுவும் ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் என்றால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். சில இடங்களில் இது 10 என்று தொடங்கும் எண்ணாகவும் இருக்கும்.

விஷயம் இதுதான். பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆகையால் இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்துவிடுகின்றன. இதுதான் சிஜிநாட். அதற்கென்றே 2012இல் ஒதுக்கியதுதான் அந்த 100.64 வரிசை. வீட்டிலிருந்து வெளியே போகும் எதுவும் நன்றாக நடக்கும். வீடியோ ஓடும், பணம் அனுப்பலாம். வெளியிலிருந்து ஒருவர் அழைத்தால் மட்டும் அது எந்த வீட்டுக்கு என்று அந்தப் பெரிய ரூட்டருக்குத் தெரியாது. தூக்கி எறிந்துவிடும். உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் எழுதினாலும் ஒரு பைசாப் பிரயோஜனம் இல்லை.

இதைக் கஸ்டமர் கேரில் கேட்டால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "எனக்கு ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி வேண்டும், மாதம் எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். சிலர் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு தருவார்கள், சிலர் வணிக இணைப்புக்கு மட்டும்தான் என்பார்கள். தரவில்லை என்றால் மூன்று வழி இருக்கிறது.

ஐபிவி6. இதில் முகவரிப் பஞ்சம் கிடையாது, பெட்டிக்கே நேரடியாக உலக முகவரி வரும். பெட்டியில் ஐபி இடைவெளி கழித்தல் குறி 6 இடைவெளி ஏ என்று அடித்தால், 2 என்று தொடங்கும் நீள முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். எஃப்இ80 என்று தொடங்குவது வீட்டுக்குள் மட்டும் செல்லும். பக்கத்தில் "டெம்பரரி" என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள். ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்தப் பெட்டிக்கு 22ஐத் திறக்க வேண்டும். ஒரு குறை, நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் அநேகமாகக் கிடைத்துவிடும், கடை வைஃபையில் பல சமயம் இருக்காது. என் ஃபோனில் எடுத்தது, கடைக் கம்ப்யூட்டரில் எடுக்கவில்லை, காரணம் அதுதான்.

டெயில்ஸ்கேல். நான் இப்போது வைத்திருப்பது இது. வீட்டுப் பெட்டியிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் நிறுவி இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். இரண்டும் உள்ளிருந்து வெளியே கையை நீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், போர்ட் ஃபார்வர்டிங் தேவையில்லை. இது ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கும் எண்ணும் அதே 100.64 வரிசையில்தான் இருக்கும். அதைப் பார்த்து இணைய நிறுவனம் கொடுத்த எண் என்று குழம்ப வேண்டாம். கருவியின் அனுமதி குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும்படி வைத்திருக்கிறார்கள். திடீரென்று ஒருநாள் எடுக்கவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். வீட்டுப் பெட்டிக்கு மட்டும் காலாவதியை அணைத்து வைக்க அவர்களின் நிர்வாகப் பக்கத்தில் இடம் உண்டு.

மூன்றாவது, மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் பொது முகவரியோடு இருக்கும் வாடகை சர்வர்) எடுத்து நடுவில் நிறுத்துவது. வீட்டுப் பெட்டியை அதோடு இணைக்கும் வயர்கார்டு என்ற விபிஎன், 2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் அதன் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, கன்ஃபிக் பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போகாது. வீட்டுப் பக்கக் கோப்பில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்ததும் சிஜிநாட் வழியை மறந்துவிடும். பிறகு வீட்டுப் பெட்டி தானாக வாய் திறக்கும்வரை வெளியிலிருந்து எட்ட முடியாது. அடுத்தவர் சர்வர் வழியாக எதுவும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம்.

வாசல்வரை போயும் உள்ளே விடாவிட்டால்

பெர்மிஷன் டினைடுக்கு நான் பார்க்கும் வரிசை: பயனர் பெயர், சாவி, கோப்பு உரிமைகள். பெயர்தான் முதலில், ஏனென்றால் அது அற்பமாகத் தெரியும். எஸ்எஸ்எச் அடிக்கும்போது பெயரைச் சொல்லாவிட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் உள்ள பயனர் பெயரையே அனுப்பும். கடைக் கம்ப்யூட்டரில் மாமா பெயர், வீட்டுப் பெட்டியில் என் பெயர். அட் குறிக்கு முன்னால் வீட்டுப் பெட்டியில் உள்ள பெயரைப் போடுங்கள்.

உண்மையான காரணம் எதிர்ப்பக்க லாகில் இருக்கும், உங்கள் திரையில் இருக்காது. திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாதென்று வேண்டுமென்றே மொட்டையாகச் சொல்வார்கள். வீட்டில் ஒருவரை ஜர்னல்சிடிஎல் கழித்தல் குறி யூ எஸ்எஸ்எச் கழித்தல் குறி எஃப் என்று அடித்து வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் இங்கிருந்து முயலுங்கள். "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று வந்தால் உரிமைகள் தளர்ந்து கிடக்கின்றன. புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதற்குள் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். உங்கள் ஹோம் ஃபோல்டரிலும் மற்றவர்களுக்கு எழுதும் உரிமை இருக்கக் கூடாது. ஏதோ ஒன்று ஓடவில்லை என்று ஹோம் முழுக்க 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்த வீடுகளில் சாவி அன்றைக்கே வேலை செய்வதை நிறுத்தியிருக்கும்.

பழைய ஃபோன் செயலியிலோ பழைய கம்ப்யூட்டரிலோ இருந்து மட்டும் சாவி எடுக்கவில்லை, புதியதில் எடுக்கிறது என்றால் காரணம் வேறு. 2021இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8 முதல், எஸ்எச்ஏ1 வைத்துப் போடும் பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்தை ஏற்பதில்லை. ஈடி25519 வகையில் புதுச் சாவி செய்துகொள்ளுங்கள்.

வேறொன்று, இது எல்லைப் பக்கம் மொபைல் டேட்டாவையே நம்பி இருப்பவர்களுக்கு. ஃபெயில்2பேன் போட்டிருந்தால் தப்பான முயற்சிகள் சில சேர்ந்ததும் அந்த முகவரியையே கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிவைக்கும். மொபைல் டேட்டாவில் உங்கள் பொது முகவரியை முகம் தெரியாத பலரோடு பங்குபோடுகிறீர்கள். அவர்களில் ஒருவருடைய ஃபோனில் வைரஸ் உட்கார்ந்து உங்கள் வாசலைத் தட்டியிருந்தால், தடை உங்களுக்கும் சேர்த்துத்தான். நேற்றுவரை எடுத்தது இன்று ரெஃப்யூஸ்டு என்று வந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே எடுத்தால் இதைச் சந்தேகியுங்கள். டெயில்ஸ்கேல், வயர்கார்டு வழியாகப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

உள்ளே போய், பாதியில் உறைந்தால்

பேசாமல் விட்டால் சிறிது நேரத்தில் உறைகிறது என்றால், உங்கள் பக்கக் கன்ஃபிக்கில் சர்வர் அலைவ் இன்டர்வல் 30 என்று ஒரு வரி போதும்.

லோயர் கேம்ப் தாண்டி வளைவுகள் ஏற ஆரம்பித்ததும் ஃபோன் ஒரு டவரை விட்டு இன்னொன்றுக்குத் தாவும். இடையில் சிக்னல் அற்றுப்போகும், திரும்பும்போது ஐபி மாறியிருக்கலாம். எஸ்எஸ்எச் இதைத் தாங்காது. பஸ்ஸில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் போட்டுக்கொள்ளுங்கள். முகவரி மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கு யூடிபி போர்ட் 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் வீட்டுப் பெட்டியில் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் வேலை செய்தால், இணைப்பு அறுந்தாலும் பாதியில் ஓடிக்கொண்டிருந்த வேலை அறாது.

கழித்தல் குறி வி போட்டுப் பார்க்கும்போது "எக்ஸ்பெக்டிங்" என்று தொடங்கி "கெக்ஸ்" என்ற சொல் வரும் ஒரு வரியில் நின்றுபோனால், அது பெரும்பாலும் பாக்கெட் அளவுத் தகராறு. சின்ன செய்திகள் போய்வருகின்றன, முதல் பெரிய செய்தி வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது. பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ இணைப்புகளில் 1500க்குப் பதில் 1492 பைட்தான் போகும். பெட்டியின் நெட்வொர்க் கார்டில் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1400 என்று தற்காலிகமாகக் குறைத்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் காரணம் அதுதான்.

சாவி மாறிவிட்டது என்ற பெரிய எச்சரிக்கை

திரை முழுக்க அட் குறிகள் போட்டு, எதிர்ப்பக்க அடையாளம் மாறிவிட்டது என்று கத்தும். லினக்ஸைத் திரும்ப நிறுவியிருந்தால் இது வரவேண்டியதுதான். பழைய 192.168 எண் வேறு மெஷினுக்குப் போயிருந்தாலும் வரும். இரண்டும் இல்லை என்றால் கடவுச்சொல்லை அடிக்காதீர்கள். தம்பியை ஈடிசி ஃபோல்டருக்குள் எஸ்எஸ்எச் ஃபோல்டரில் இருக்கும் ஈடி25519 ஹோஸ்ட் சாவியின் பப் கோப்பை எஸ்எஸ்எச் கழித்தல் குறி கீஜென், கழித்தல் குறி எல்எஃப் மூலம் காட்டச் சொல்லி, வரும் கைரேகையை ஃபோனில் வாசிக்கச் சொல்வேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பிரித்துச் சொல்ல வேண்டும்; சலித்துக்கொள்வான், ஆனாலும் சொல்வான். என் திரையில் இருப்பதோடு ஒத்துப்போனால் கீஜென்னுக்குக் கழித்தல் குறி, பெரிய எழுத்து ஆர், பிறகு முகவரி என்று கொடுத்துப் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுக்கொள்ளலாம்.

தூரத்திலிருந்து அமைப்பை மாற்றும்போது

கன்ஃபிக்கைத் திருத்திய பிறகு சூடோ எஸ்எஸ்எச்டி கழித்தல் குறி டி, சின்ன எழுத்தில். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாது. அதே டியைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் இப்போது உண்மையில் எந்த அமைப்பு நடப்பில் இருக்கிறது என்று முழுப் பட்டியல் வரும். கடவுச்சொல் நுழைவை "நோ" என்று எழுதியும் அது இன்னும் கேட்கிறது என்றால் இதைப் பாருங்கள். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படித்ததைத்தான் எஸ்எஸ்எச் எடுத்துக்கொள்ளும். கன்ஃபிக் புள்ளி டி என்ற ஃபோல்டரில் வேறொரு கோப்பு முந்திக்கொண்டிருக்கலாம்.

சேவையை ரீஸ்டார்ட் பண்ணினால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறாது. அதை மூடாமல் வைத்துக்கொண்டு இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். ஃபயர்வாலைத் தொடுவதாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. டிமக்ஸுக்குள் சூடோ கழித்தல் குறி ஐ என்று அடித்து ரூட்டாக மாறிக்கொண்டு, ஸ்லீப் 600, அரைப்புள்ளி, யூஎஃப்டபிள்யூ டிசேபிள் என்று ஒரே வரியில் ஓடவிட்டுவிட்டு, வேறு ஜன்னலில் விதியை மாற்றுங்கள். வெளியே தள்ளப்பட்டாலும் பத்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக இறங்கி வழி விடும். புது விதியில் உள்ளே வர முடிகிறது என்றால், அந்த ஸ்லீப்பைக் கன்ட்ரோல் சி அடித்து நிறுத்த மறக்காதீர்கள்.